வலப்பக்கத்துச் சூடு

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில் சூடு முழுக்க வலப்பக்கம்தான். புகை போகும் எக்சோஸ் குழாய் எஞ்சினின் முன்னாலிருந்து இறங்கி, அடியில் வளைந்து, ஓட்டுகிறவர் வலது கால் வைக்கும் இடத்தை ஒட்டியபடி பின்னால் போகும். நானோ கல்யாணமான நாளிலிருந்து இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கப்போட்டு, ஒருக்களித்தே உட்கார்ந்து பழகியவள். சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பெண்கள் அப்படித்தான் உட்காருவோம். காலை அகட்டிப் போட்டு உட்கார்ந்தால் லயத்து வீட்டு வரிசையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். தோட்டத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள், லயத்தை இடித்தார்கள், நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினோம்; அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. ஒரு தடவை போலீஸ்காரர் நிறுத்தி, நேராக உட்காரச் சொன்னார். நன்றாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த திருப்பத்திலேயே பழையபடி உட்கார்ந்துகொண்டேன்.

அதனால் அந்தக் குழாயின் சூடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்து சொல்ல வேண்டியது என் வீட்டுக்காரருடைய வலது கால் ஒன்றுதான்.

நான் வீட்டின் பின்பக்கம் கடலை, முறுக்கு, பக்கோடா எல்லாம் பொரித்துப் பொட்டலம் கட்டுவேன். அவர் அவற்றை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரை கடை கடையாகப் போடுவார். வாயாடி மனிதர். பொட்டலம் போடுகிற நேரத்தைவிடக் கடைக்காரனோடு பேசுகிற நேரம் அதிகம். எனக்கு வயிறு எரியும். ஆனால் அந்த வாயால்தான் எங்கள் சரக்கு ஓடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. இடது காலில் ஒரு சின்ன ஆணிப் புண் பெரிதாகி, இரண்டு விரல்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த தமிழ் நர்ஸ் மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அக்கா, இருக்கிறது இனிமே வலது காலுதான். அதுல ஒரு கீறல்கூட விழாம பாத்துக்குங்க. செருப்பு வேணாம், சாக்ஸ் போட்டு ஷூ போடச் சொல்லுங்க. தினமும் உள்ளங்காலத் தூக்கிப் பாருங்க."

அன்றிலிருந்து அந்த வலது கால் எங்கள் வீட்டில் தனியாக ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது. சாயந்திரம் அவர் வந்து உட்கார்ந்ததும் காலைத் தூக்கி என் மடியில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பேன், விரல் இடுக்கெல்லாம் பார்ப்பேன். "அந்தக் கால மட்டும் கல்யாணம் பண்ணியிருக்கலாம் நீ" என்று கிண்டல் செய்வார். "அதாச்சும் வாய மூடிக்கிட்டு இருக்கு" என்பேன் நான்.

இப்படி இருக்கையில்தான் பழைய எக்சோஸ் துருப்பிடித்து உடைந்தது. மோட்டார் கடைத் தம்பி வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய குழாயை மாட்டிக் கொடுத்தார். அது கொஞ்சம் பெரிய குழாய், சூடு படாமல் இருக்க மேலே போடும் தகடும் இல்லை. அதன் வளைவு சரியாக அவருடைய கணுக்காலின் உள்பக்கத்தை ஒட்டி நின்றது. அவருக்கோ சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் குதிகாலை உள்ளே திருப்பி வைத்துக்கொள்கிற பழக்கம். முதல் வாரமே வந்து புலம்பினார்.

"அடுப்புல கால விட்ட மாதிரி இருக்கு லா. ஷூக்குள்ள வேகுது."

மறுநாள் காலையில் சட்டியை அடுப்பிலேயே ஏற்றாமல் அவரை இழுத்துக்கொண்டு மோட்டார் கடைக்குப் போனேன். பின்னால் உட்கார்ந்துதான், என் கால்கள் இரண்டும் இடப்பக்கம்.

"தம்பி, இந்தச் சூடு அவரு கால்ல படக்கூடாது. என்ன செய்வீங்களோ செய்யுங்க."

தம்பி குந்தி உட்கார்ந்து பார்த்தார். சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம், ஆனால் அது துருவுக்குத்தான் நல்லது, சூட்டை அவ்வளவாகக் குறைக்காது என்றார். கோலாலம்பூருக்கு அனுப்பினால் பீங்கான் பூச்சு ஒன்று பூசித் தருவார்களாம். பெரிய பெரிய வண்டிக்காரர்கள் செய்கிற வேலை, எங்கள் வண்டிக்கு அது கழுதைக்குப் பட்டுப்புடவை. இன்னொன்று உண்டு, கண்ணாடி நாரில் நெய்த பட்டை. அதைக் குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் சூடு உள்ளேயே அடங்கிப் பின்னால் போய்விடும். கடைக்காரர்கள் அதை ரேப் என்பார்கள்.

"அதையே சுத்துங்க" என்றேன்.

"சுத்தலாம் அக்கா. ஆனா ஒன்னு. சூடு குறையும், போகாது. மழையில ஊறி ஊறி அவுந்துச்சின்னா திரும்பக் கொண்டு வாங்க."

பட்டையை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்தார். நனைந்தால்தான் இறுக்கமாகப் படியுமாம். பிறகு குழாயின் மேல் பாதிக்குப் பாதி ஏறுகிற மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றி, முனைகளை இரும்புப் பட்டியால் பூட்டினார். அடிபட்ட காலுக்குக் கட்டுப் போடுகிறது போலவே இருந்தது. நானும் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். நார் குத்தி இரண்டு நாள் கை அரித்தது.

வண்டியைக் கிளப்பியதும் குழாயிலிருந்து புகை குபுகுபு என்று வந்தது. "ஐயையோ, பத்திக்கிச்சி!" என்று நான் கத்திய கத்தலில் எதிர்க் காப்பிக்கடையே எட்டிப் பார்த்தது. தம்பி சிரித்தார். "தாப்பா லா அக்கா. ஒன்னுமில்ல. புதுசுல அப்படித்தான், ரெண்டு நாள்ல நின்னுடும்."

நின்றது. சூடும் குறைந்தது என்றார் அவர். முதலில், "கொஞ்சம் தேவல" என்றார். கொஞ்ச நாள் கழித்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அதற்கும் பிறகு, "சூடே இல்ல லா, சுத்தமா இல்ல" என்றார். நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதோடு விட்டாரா? போகிற கடையில் எல்லாம் ரேப்பின் பெருமைதான். யார் மோட்டாரைப் பார்த்தாலும் குனிந்து குழாயைப் பார்ப்பார். "சுத்திப் பாருங்க மச்சான், பஞ்சு மெத்தையில கால வச்ச மாதிரி இருக்கும்" என்பார். சுங்கை சிப்புட்டில் நாலைந்து பேர் அவர் பேச்சைக் கேட்டுச் சுற்றிக்கொண்டார்கள். அதில் ஒருவர், "உங்க அளவுக்கு எனக்கு ஒன்னும் தெரியல அண்ணே, சூடு அடிக்கத்தான் செய்யுது" என்றபோது, "ஒழுங்கா சுத்தியிருக்க மாட்டான்" என்று தள்ளிவிட்டார்.

மோட்டார் கடைத் தம்பியிடமும் ஒரு நாள் எண்ணெய் மாற்றப் போன இடத்தில் இதையே சொன்னார். நானும் கூட இருந்தேன். தம்பி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"சூடே தெரியலையா? கொஞ்சமாச்சும் இருக்கணுமே அண்ணே."

"என்னா தம்பி, இது தீ மிதிச்ச காலு லா!" என்று இவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அது உண்மைதான். தோட்டத்துக் கோயிலில் இளவட்டமாக இருந்த நாளிலிருந்து விரதம் இருந்து தீ மிதிப்பவர். ஒரு கொப்புளம் வந்ததில்லை. சூடு ஒட்டாத கால் என்று அவர் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் காலைப் பற்றிப் பெருமை. எங்கள் சனத்திடம், எனக்குச் சுடவில்லை என்று ஒருவர் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். தம்பியும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

மழைக்காலம் வந்தது. ஈப்போ மழை உங்களுக்குத் தெரியும், மதியம் இருட்டிக்கொண்டு வந்தால் சாயந்திரம் வரை விடாது. துவைத்த துணி காயவே காயாது. நான் அவருடைய சாக்ஸை எல்லாம் பொரிக்கிற அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். அனல் பட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

ஒரு மத்தியானம் துவைக்க எடுத்தபோது வலது கால் சாக்ஸ் ஒன்றில், கணுக்கால் பக்கம், நைலான் உருகி ஓர் ஓட்டை. ஓரமெல்லாம் கட்டியாகி மொடமொடவென்று இருந்தது. உள்ளே ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பொரிக்கிற எண்ணெய் வாசனையிலேயே ஊறிப்போன மூக்கு என்னுடையது. அதற்கே அந்த வாடை தெரிந்தது.

அவர் முன்னறையில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சாக்ஸோடு இருந்தார், குளிர்கிறது என்று. போய்க் காலருகே உட்கார்ந்து வலது சாக்ஸை உருட்டிக் கழற்றினேன். உள்ளங்கால் சுத்தமாக இருந்தது. நேற்றும் பார்த்தேன், முந்தாநாளும் பார்த்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது. காலைத் திருப்பினேன். கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குக் கீழே, தோல் வெந்து வெளுத்து, நடுவில் குழி விழுந்திருந்தது. ஓரம் கறுத்திருந்தது.

நான் அந்தக் குழிக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். பிறகு அழுத்தினேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏங்க. இது வலிக்கலையா?"

"எது?"

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மெல்லிய நைலான் கம்பியால் அவருடைய கால் முழுக்கத் தொட்டுப் பார்த்தார். தொடுகிறது தெரிந்தால் சொல்லச் சொன்னார். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, எப்போது தொடுவார் என்று காத்துக்கொண்டே படுத்திருந்தார். டாக்டர் அதற்குள் தொட்டு முடித்துவிட்டிருந்தார். இந்த நோயில் நரம்பு கெடும்போது முதலில் எரியும், அப்புறம் ஒன்றுமே தெரியாமல் போய்விடும் என்றார். எது சுட்டது என்று கேட்டார்.

"மோட்டார் எக்சோஸ்" என்றேன் நான்.

"இல்ல டாக்டர்" என்றார் இவர். "அதுக்கு ரேப் சுத்தியாச்சி. அதுல சூடே இல்ல. இவதான் சாக்ஸ அடுப்பு மேல காயப் போட்டு உருக்கிட்டா. அது முறுக்கு மாதிரி மொடமொடன்னு ஆகி உரசி உரசிப் புண்ணாயிடுச்சி."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். எப்படி வந்த புண்ணாக இருந்தாலும் அவருக்கு வைத்தியம் ஒன்றுதான். ஆனால் எனக்கு இரண்டும் ஒன்றில்லை.

புண் எலும்பு வரை போயிருந்தது. மருந்து ஏற்றினார்கள், கழுவினார்கள், வெட்டிச் சுத்தம் செய்தார்கள். மிஸ்ஸி என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தார். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதேன். அவருக்காக அழுதேன். எனக்காகவும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை, சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தவள், என் முதுகைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"விடுங்க அண்ணி. வேணும்னா போட்டீங்க? ஈரச் சாக்ஸ காயத்தானே போட்டீங்க."

மன்னிக்கிறாளாம்! எனக்கு அவளை அங்கேயே நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. ஆனால் உள்ளே அவள் அண்ணன் காலில்லாமல் கிடக்கிறார், நான் எதைக் கேட்பது.

அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் அந்தக் கதைதான் நின்றது. தீ மிதித்த கால், தீயே ஒன்றும் செய்யாத கால், பெண்டாட்டி காயப் போட்ட சாக்ஸில் போயிற்று. யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் காலையில் பொறுக்க முடியாமல் வாசலில் நின்ற மோட்டாரைக் கிளப்பிவிட்டுக் குந்தி உட்கார்ந்தேன். பட்டை மழையில் ஊறிச் சாம்பல் நிறமாகி, ஓரங்களில் நார் பிரிந்து தொங்கியது. புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். தினமும் எண்ணெய்ச் சூட்டைப் புறங்கையால் பார்க்கிறவள் நான். இளஞ்சூடாகத்தான் இருந்தது, அப்போதுதான் இறக்கிய காப்பிக் குவளை மாதிரி. அப்படியென்றால் அவர் சொல்வதுதான் சரியா? சாக்ஸ்தானா? அன்று பூராவும் ஒரு சட்டி முறுக்கைக்கூட ஒழுங்காக எடுக்கவில்லை, எல்லாம் கருகிப்போயிற்று.

"அந்த ரேப்ப அவுத்துப் போட்டுடலாமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அது என்னா பண்ணுச்சி உன்ன? இருக்கட்டும்" என்றார். முன்பெல்லாம் வாய் ஓயாத மனிதர், இப்போது டிவியைப் போட்டுவிட்டு அதையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

கடைகளுக்குச் சரக்குப் போட ஆளில்லை. நான் லைசென்ஸ் எடுக்கப் போனேன். கூட இருந்த பெண்களெல்லாம் என் மகள் வயசுகூட இருக்காதவர்கள். காலை இரண்டு பக்கமும் போட்டு உட்காருவதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லிக் கொடுத்தவர், "அக்கா, முட்டிய சேத்து வைக்காதீங்க, விழுந்துடுவீங்க" என்று தினமும் கத்தினார். ஒருவழியாகத் தேறினேன். முதலில் புந்தோங்கைச் சுற்றியிருக்கும் கடைகளுக்கு மட்டும் போய் வந்தேன். நின்று நின்று போகிற சின்னத் தூரம். குழாய் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும்.

இதற்குள் அவருக்குப் பொய்க்கால் வைத்தார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தபோது அவர் தங்கச்சி கூப்பிட்டாள். தீ மிதிக்க முடியாவிட்டாலும் ஓரமாக நின்று பார்க்கிறேன் என்றார். அவர் எங்கேயாவது போக வேண்டும் என்று வாய்திறந்து கேட்டே மாதக்கணக்காகியிருந்தது. நான் பேன்ட் போட்டுக்கொண்டு, அவரைப் பின்னால் ஏற்றினேன். பொய்க்காலை நான்தான் தூக்கி வலப்பக்கத்து மிதியில் வைத்தேன்.

"இந்தக் காலுக்கு ரேப்பும் வேணாம், சாக்ஸும் வேணாம்" என்றார். சிரிக்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். சிரிக்கவில்லை.

காலை வெயிலில் பெரிய ரோட்டில் போனோம். லாரிகள் உரசிக்கொண்டு போகும்போதெல்லாம் என் தோளைப் பிடிப்பார். ரப்பர் நின்ற இடமெல்லாம் செம்பனையாக வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் நான் ஓட்டியதே இல்லை. சுங்கை சிப்புட் டவுனுக்குள் நுழைகிற இடத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. நான் இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வலது காலை மிதியிலேயே வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கணுக்காலின் உள்பக்கம் ஏதோ ஏறியது. வெயில் என்று நினைத்தேன். அடுத்த நொடி பேன்ட் துணிக்குள் கொதிக்கிற எண்ணெய் தெறித்த மாதிரி சுரீர் என்றது.

"ஐயோ அம்மா! சுடுதுங்க!"

வாய் தானாகக் கத்திவிட்டது. கத்திய பிறகுதான் எதைக் கத்தினேன் என்று புரிந்தது. எத்தனை மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன்! என் அடுப்பு இல்லை, என் கயிறு இல்லை, என் கை இல்லை. தங்கச்சி வீடு இன்னும் ரெண்டு நிமிஷத்தில் வந்துவிடும். போய் எல்லோர் முன்னாலும் கணுக்காலைக் காட்டிக் கேட்கலாம். ஆனால் என் தோளில் இருந்த அவர் கை கனத்தது. என் நெஞ்சு சந்தோஷப்படவே இல்லை.

லாரி உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. விளக்கு சிவப்பாகவே இருந்தது.

"துணி மேலயே இவ்ளோ சுடுதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ம்."

பிறகு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். அவர் குரல் சரியாக இல்லை.

"கால வெளிய தள்ளி வச்சிக்க. சுட்டுடப் போவுது."

நான் குனிந்து பார்த்தேன். என் கால் அப்போதே தானாக விலகி, குழாயை விட்டுத் தள்ளித் தரையில் நின்றுகொண்டிருந்தது.